தேடுபொரி

பேனரில் ஓர் எழுத்து தப்பாகிவிட்டது. ‘தேடுபொறிகளைத் திறம்படப் பயன்படுத்துதல்: மகளிருக்கான பயிற்சி முகாம்’ என்று நான் தெளிவாகத்தான் எழுதிக்கொடுத்திருந்தேன். காரைக்குடியில் அச்சடித்தவர் பொறிகளைப் பொரிகளாக்கி அனுப்பிவிட்டார். அதற்குக் கீழே தாளாளர் படமும் முதல்வர் படமும் உரிய அளவில், உரிய வரிசையில் வந்திருந்ததால் முகாம் பொறுப்பாளரான தண்டாயுதபாணி சாருக்குப் பிழை எதுவும் தெரியவில்லை. கண்டனூரில் முகாம் நடக்கவிருந்த பெரிய வீட்டின் முகப்பில் நான் ஏணி மேல் நின்று கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த காவல்காரர் செம்மலை அண்ணாந்து பார்த்து எழுத்துக் கூட்டினார்.

“பொரின்னா போட்டுருக்கு?”

“அச்சுப் பிழையய்யா.”

“பொரிதானே, போடட்டும். நல்லதுதான்” என்று சொல்லி ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நாட்டு நலப்பணித் திட்ட முகாம் என்றால் வழக்கமாக எங்கள் கல்லூரி சீமைக்கருவேல மரம் வெட்டும். ஒரே மரத்தின் முன்னால் வருடாவருடம் படம் எடுத்து அனுப்பியதில், மேலிடத்தில் யாரோ அந்த மரத்தை அடையாளம் கண்டுகொண்டார்கள். அதனால் இந்த வருடம் டிஜிட்டல். மூன்றாம் வருடக் கணினி அறிவியலில் மேடை பயம் இல்லாதவன் நான் ஒருவன்தான் என்று சார் முடிவு செய்தார். எனக்கு மேடை பயம் உண்டா இல்லையா என்று அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை.

வீடு, சென்னையில் இருக்கும் செட்டியார் குடும்பத்துக்குச் சொந்தமானது. கல்யாணத்துக்கும் முன்னோருக்கு இடும் படைப்புக்கும் வருவார்கள். மற்ற நாளெல்லாம் வௌவால்களும் செம்மலையும்தான். ஊருக்கு வெளியே அவருக்குக் கொஞ்சம் வானம் பார்த்த நிலம் உண்டு. வானம் அதைப் பார்ப்பதில்லை என்பதால் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு இங்கே கிடக்கிறார். ஆச்சிமார் முதல் அவர்கள் வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். வந்து இறங்கிய அரைமணி நேரத்தில் எங்கள் சாரும் அதற்குப் பழகிவிட்டார். ‘செம்மலை!’ என்று வீட்டின் எந்தக் கட்டு முற்றத்திலிருந்து சத்தம் கேட்டாலும் ‘இந்தா வந்துட்டேன்’ என்று பதில் வரும். யார், எதற்கு என்று முதலில் கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை. அத்தனை தூண்களுக்கு நடுவே குரல் எங்கிருந்து வருகிறது என்றும் தெரியாது. நாலு பக்கமும் அலைந்துவிட்டுக் கூப்பிட்டவர் முன்னால் வந்து நிற்பார். அதற்குள் கூப்பிட்டவருக்கு எதற்குக் கூப்பிட்டோம் என்பது மறந்திருக்கும்.

முதல் நாள் மகளிர் குழுவிலிருந்து இருபது பேர் வந்தார்கள். முன்வரிசையில் கால் நீட்டி உட்கார்ந்த பொன்னுத்தாயி அக்கா பேனரைப் பார்த்துவிட்டு முதல் கேள்வியைக் கேட்டார்.

“பொரி எப்பத் தம்பி குடுப்பீக?”

“அது பொரி இல்லக்கா. பொறி. மெஷின் மாதிரி. தேடிக் குடுக்கும்.”

“பொரின்னா ஒண்ணு சாமிக்குப் படைக்கணும். இல்லாட்டிப் பொணத்துக்கு முன்னாடி எறைக்கணும். நீங்க என்னத்துக்குக் குடுக்குறீகன்னு நானும் வார வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே வாரேன்.”

கூட்டம் சிரித்தது. சாரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பேனரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை.

அந்த வீட்டுச் சுவர்கள் பீரங்கிக்கும் தாங்கும். செல்போன் டவருக்கும் தாங்கின. இரண்டாம் கட்டில் மேற்கு ஓரத்துத் தூணருகே மட்டும் சிக்னல் கிடைத்தது. ஆகவே பாடத்தை முன்கட்டு முற்றமான வளவில் நடத்திவிட்டு, தேடுவதற்கு மட்டும் ஒவ்வொருவராக அந்தத் தூணுக்குப் போய் வந்தோம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு உள்ளே ஏதோ சன்னதி இருப்பதாகத் தோன்றியிருக்கும். பலர் போனதும் தூணைத் தொட்டுக்கொண்டார்கள். யாருக்கும் எழுத்தடிக்கப் பொறுமையில்லை. மைக் படத்தை அழுத்தி வாயருகே வைத்துப் பேசினார்கள். பொன்னுத்தாயி அக்கா, “என் மருமக என்னைக்குத் திருந்துவா?” என்று கேட்டதற்கு முதலில் ஒரு ஜோதிடரின் விலாசம் வந்தது. இரண்டாவதாக ஒரு வக்கீலின் விலாசம் வந்தது. அவருக்குத் திருப்திதான்.

நான் சொல்லிக்கொடுத்தவை எல்லாம் சாதாரணச் சங்கதிகள். சேர்ந்தே வரவேண்டிய சொற்களை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். வேண்டாத சொல்லுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போடுங்கள், அது போய்விடும். “என் நாத்தனாருக்கு முன்னாடி போடலாமா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றையும் சொன்னேன். “நீங்க எப்பிடிக் கூப்பிடுறீங்களோ அந்த வார்த்தையில தேடாதீங்க. அந்தப் பக்கத்தை எழுதினவன் எந்த வார்த்தையில எழுதியிருப்பான்னு யோசிங்க. நீங்க கால் கடுப்பும்பீங்க, டாக்டர் மூட்டுத் தேய்மானம்னு எழுதியிருப்பாரு. ஒரு வார்த்தையில வரலைன்னா விடாதீங்க. வேற வார்த்தை, வேற ஸ்பெல்லிங் போட்டுப் பாருங்க.” இந்த இடத்தில் பெரும்பாலோர் கொட்டாவி விட்டார்கள். தூணோரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெண் மட்டும் கொட்டாவி விடவில்லை. எனக்கு அது சற்றுச் சங்கடமாக இருந்தது. வகுப்பில் ஒருவர் கவனிக்கிறார் என்று தெரிந்தால் சொல்வது சரியாக இருக்கிறதா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

அவர் பெயர் ரேணுகா. செம்மலையின் மருமகள். இரண்டாம் நாள் மதியம் சாம்பார் சாதம் முடிந்து எல்லோரும் சாய்ந்திருந்தபோது போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“தம்பி, பொருளைத்தான் தேடலாமா? ஆளையும் தேடலாமா?”

“ஆளையும் தேடலாம்க்கா. சினிமாக்காரங்கன்னா சீக்கிரம் வரும்.”

“சினிமாக்காரக இல்ல.”

போனை நீட்டினார். இதுவரை தேடியவற்றின் வரிசை திரையில் இருந்தது. ‘பாண்டீஸ்வரன் மலேசியா’. அதன் கீழே ‘பாண்டீஸ்வரன் மலேசியா’. விரலால் தள்ளத் தள்ள அதுவே வந்தது. நடுவில் ஒரே ஓர் இடத்தில் ‘பாண்டீஸ்வரன் எங்க இருக்க’ என்று இருந்தது.

பாண்டீஸ்வரன் அவருடைய கணவன். மலேசியாவில் ஜொகூர் பக்கம் கட்டட வேலைக்குப் போனவன். தீபாவளிக்கு முந்தின நாள் போன் பண்ணி, பட்டாசுச் சத்தம் கேட்க வேண்டும் என்று போனைத் தெருவில் வைக்கச் சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு பேசவில்லை. இப்போது மாசி. அனுப்பிவைத்த ஏஜெண்ட், அவன் கம்பெனியை விட்டு ஓடிவிட்டான், இனி அவனுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டு நம்பரை மாற்றிக்கொண்டார். கலெக்டர் ஆபீசில் மனு வாங்கிக்கொண்டார்கள். வாங்கிக்கொள்வதில் அவர்கள் குறை வைப்பதில்லை. ஊர் தன் பங்குக்கு ஒரு முடிவுக்கு வந்திருந்தது. அங்கே ஒரு சீனாக்காரியோடு குடித்தனம் நடத்துகிறான் என்றது. சீனாக்காரி என்று எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். “அதெல்லாம் ஊருக்குத் தெரியும்” என்றார் ரேணுகா அக்கா. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“எவளோடயாச்சும் இருந்தாக்கூடத் தேவல தம்பி. இருக்காகன்னு ஆயிரும்ல.”

நாங்கள் தேட ஆரம்பித்தோம். உலகத்தில் பாண்டீஸ்வரன்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு கபடி வீரர் வந்தார். ஒரு போர்வெல் கம்பெனி வந்தது. மாட்டு வண்டிப் பந்தயத்தில் இரண்டாம் பரிசு வாங்கியவர் மாடுகளோடு வந்தார். சிவன் கோயில்கள் வரிசையாக வந்தன. கபடியைக் கழித்தேன், போர்வெல்லைக் கழித்தேன், கோயிலைக் கழித்தேன். ஆங்கிலத்தில் பி போட்டு, நடுவில் டபிள்யூ போட்டு, டபிள்யூவுக்குப் பதில் வி போட்டு, இரண்டு ஈ போட்டு, ஒரு ஐ போட்டு, ஓர் ஊர்க்காரன் தன் பெயரைத் தப்பாக எழுத எத்தனை வழி உண்டோ அத்தனையும் எழுதினேன். ஒவ்வொரு தடவையும் “வரலைக்கா, வேற மாதிரிப் போடுவோம்” என்பேன். “போடுங்க தம்பி” என்பார். ஒரு கட்டத்தில் அடையாளம் ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

“வலது கையில பச்ச குத்திருப்பாக. ‘ரே’ன்னு.”

“ரேவா?”

“எம் பேரக் குத்துறேன்னு திருக்கோஷ்டியூர் தெப்பத் திருவிழாவுல போயி உக்காந்தாக. ‘ரே’ குத்துனதுமே வலிக்குதுன்னு எந்திரிச்சு ஓடியாந்துட்டாக. ‘ணுகா’ பாக்கி நிக்கிது.” சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. “ஸ்கூல்லயே அப்பிடித்தான். ஊசி போட வந்தா பாத்ரூம்ல போயி ஒளிஞ்சுக்கிருவான்.” சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். “ஒரே வகுப்பு தம்பி. வாடா போடான்னுதான் பேசிக்கிருவோம். கல்யாணத்துக்கு அப்பறந்தான் அவுக இவுகல்லாம்.”

அந்த நேரத்தில் தூக்குவாளியில் டீயோடு செம்மலை வந்தார். மருமகள் போனை முந்தானைக்குள் வைத்ததையும் நான் கூரையில் எதையோ பார்த்ததையும் அவர் கவனித்தார். எனக்கு டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு நின்றார்.

“இன்னுமாத்தா தேடுற? காணாமப் போனவனைத்தான் தேடுவாக. அவன் காணாமயா போனான்? வேற கம்பெனிக்கு மாறிருப்பான். ராங்கி புடிச்ச பய. இருக்கவனைப் போயித் தேடு தேடுன்னு தேடுனா, அதுவே ஒரு மாதிரி ஆயிராதா?”

“இல்ல மாமா. தம்பி பாடம் சொல்லிக் குடுக்குறாக.”

“பாடம்னாப் படி.” முகப்பிலிருந்து சாரின் குரல் கேட்டது. “இந்தா வந்துட்டேன்” என்று எதிர்ப்பக்கமாகக் கிளம்பிப் போனார்.

ஐந்தாம் நாள், நிறைவு விழா அன்று, சார் ஒரு முடிவோடு வந்திருந்தார். பேனரை மாற்றுவதைவிடப் பொரி வாங்குவது மலிவு என்று கணக்குப் போட்டு, காரைக்குடிச் சந்தையிலிருந்து ஒரு மூட்டை பொரி வாங்கி டவுன் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். சான்றிதழோடு ஆளுக்கொரு பொட்டலம். ‘தேடினால் கிடைக்கும் என்பதன் குறியீடு’ என்று தலைமையுரையில் சொல்லப்போவதாக என்னிடம் மட்டும் சொன்னார். மூட்டையை அணில் ஏற்கெனவே குறித்துவைத்துவிட்டது. ஒரு மூலையில் ஓட்டை. சிறப்பு விருந்தினர் பதினொரு மணிக்கு வர வேண்டியவர். பன்னிரண்டு மணிக்குப் புறப்பட்டுவிட்டதாகவும், ஒரு மணிக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பதாகவும் போன் வந்தது. பெண்கள் வளவில் பாய் விரித்து உட்கார்ந்து அவரவர் நாத்தனார்களைக் கழித்துக்கொண்டிருந்தார்கள்.

ரேணுகா அக்கா என்னை இரண்டாம் கட்டுக்குக் கூப்பிட்டார். தூணில் சாய்ந்து நின்றுகொண்டு பேச ஆரம்பித்தார்.

“நேத்துப் படுக்கையில ஒண்ணு யோசிச்சேன் தம்பி. நீங்க சொன்னீகல்ல, நம்ம கூப்புடுற வார்த்தையப் போடக்கூடாது, எழுதுறவன் என்ன எழுதியிருப்பான்னு பாக்கணும்னு.”

“ஆமாக்கா.”

“அங்க அவுகளை யாருமே பாண்டின்னு கூப்புட மாட்டாய்ங்களாம். பாஸ்போட்ல பின்னாடி ஒரு பேரு நிக்கிதுல்ல, அதச் சொல்லித்தான் கூப்புடுவாய்ங்களாம். அட்டையிலயும் அதான் பெருசா இருக்குமாம். போன்ல சொல்லிச் சிரிப்பாக. சூப்ரவைசர் திட்டும்போது அப்பாவத் திட்டுற மாதிரியே இருக்கு, கேக்க நல்லாருக்குன்னு.”

எனக்கும் சிரிப்பு வந்தது. எத்தனையோ முறை யோசித்தும் இது தோன்றவில்லையே என்றும் இருந்தது. நமக்கெல்லாம் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட் படிவம் அந்தக் கட்டத்தைக் காலியாக விடாது. அப்பன் பெயரைத் தூக்கிப் பின்னால் போடுகிறோம். விமானம் தரையிறங்கியதும் பின்னால் இருப்பது முன்னால் வந்துவிடுகிறது. மகன் பெயர் ஊரிலேயே நின்றுவிட, அப்பன் போய்ச் சிமெண்ட் சுமக்கிறார்.

என் போனை எடுத்தேன். அக்காவின் போனில் ஒரு பக்கம் திறப்பதற்குள் அந்தப் பக்கமே பழசாகிவிடும்.

“சரி, சொல்லுங்க. அந்தப் பேரு என்ன?”

“உங்களுக்குத்தான் தெரியும்ல.”

“எனக்குத் தெரியும். போனுக்குத் தெரியாதே. நீங்களே சொல்லுங்க” என்று மைக்கை அழுத்தி அவர் வாய்க்கு நேராக நீட்டினேன். விளையாட்டுத்தான். புருஷனை வாடா போடா என்றவருக்கு மாமனார் பெயர் மட்டும் தொண்டையில் நிற்பதைப் பார்க்க எனக்குக் குஷியாக இருந்தது.

“அய்யய்யோ, மாமா பேரை எப்பிடிச் சொல்றது! எங்க அம்மா கேட்டுச்சுன்னா வாயிலயே சூடு வைக்கும்.”

“அப்பக் குறிப்பாவது குடுங்க.”

முகப்புப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மலை இருக்குல்ல, மலை. அது... செவப்பா இருக்கும்.”

நான் முகத்தை மாற்றாமல் அதையே போனில் சொன்னேன். ‘சிவப்பு மலை’. சென்னைக்குப் பக்கத்தில் செங்குன்றம் ஏரியின் நீர்மட்டமும் அங்கே போகும் பேருந்துகளின் நேரமும் வந்தன. திரையைக் காட்டினேன். “மாமா செங்குன்றத்துல நிக்கிறாருக்கா. அடுத்த பஸ்ஸுக்கு ஏறிருவாரு.” ரேணுகா அக்கா தூணில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கியது. தீபாவளிக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்திருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டே, சிரித்த முகத்தோடு, ‘செம்மலை ஜொகூர்’ என்று தமிழில் அடித்தேன்.

மூன்றாவதாக வந்தது. அங்கே தமிழில் நடக்கும் ஏதோ ஒரு சின்னச் செய்தித் தளம். பக்கத்தில் தங்க நகை விளம்பரம் மின்னிக்கொண்டிருந்தது. தீபாவளி முடிந்த வாரத்துத் தேதி.

‘ஆடவர் சடலம்: உறவினரைத் தேடுகிறது போலீஸ்’ என்று தலைப்பு. கட்டுமானத் தளம் ஒன்றின் பின்புறமுள்ள கால்வாயிலிருந்து மீட்கப்பட்ட, முப்பது வயது மதிக்கத்தக்க இந்தியப் பிரஜையின் உடல் மருத்துவமனைச் சவக்கிடங்கில் வைக்கப்பட்டிருக்கிறது. சட்டைப் பையில் இருந்த நனைந்த தொழிலாளர் அட்டையில் செம்மலை என்ற பெயரை மட்டுமே படிக்க முடிந்தது. வேறு ஆவணம் இல்லை. வலது முன்கையில் தமிழில் ‘ரே’ என்ற ஒற்றை எழுத்து பச்சை குத்தப்பட்டிருக்கிறது. அதன் பொருள் தெரியவில்லை. தகவல் அறிந்தவர்கள் தொடர்புகொள்ளலாம்.

அதன் பொருள் தெரியவில்லை என்ற வரியை நான் மறுபடி படித்தேன். அது தெரிந்தவர் என் கைக்கெட்டும் தூரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். அது சிரித்ததால் வந்த கண்ணீர்.

தேடுவதைப் பற்றி என்னிடம் நாற்பது ஸ்லைடு இருந்தது. எப்படிச் சுருக்குவது, எப்படி விரிப்பது, பழையதை எப்படி ஒதுக்குவது, பொய்யை எப்படிக் கண்டுபிடிப்பது. கிடைத்த பிறகு என்ன செய்வது என்று ஒரு ஸ்லைடு கூட இல்லை. கடைசி ஸ்லைடு ‘நன்றி’. அதில் ஒரு ரோஜாப்பூ இருக்கும். போனைக் குப்புறப் பிடித்துக்கொண்டேன்.

“வரலக்கா.”

“வரலையா?”

“இல்லக்கா. ஒண்ணும் வரல.”

“செரி.”

நான் முகப்புப் பக்கம் பார்த்தேன். விருந்தினர் வந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று முதன்முறையாகத் தோன்றியது. அவர் வரவில்லை. வளவில் பொன்னுத்தாயி அக்கா யாரையோ நையாண்டி பண்ணிக்கொண்டிருந்தார். ஏணியை எங்கே வைப்பது, மேசை விரிப்பு எங்கே என்று சார் செம்மலையை இரண்டு முறை கூப்பிட்டார். அவரும் இரண்டு முறை வந்துவிட்டேன் என்றார். ஒவ்வொரு முறை அந்தப் பெயர் கேட்டபோதும் என் கையில் போன் கனத்தது. சார் யாரைக் கூப்பிடுகிறார் என்று ஒரு நொடி எனக்கே குழம்பியது.

ரேணுகா அக்கா நகரவில்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் போனைப் பிடித்திருந்த கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி.”

“ம்.”

“வரலைன்னா வேற மாதிரிப் போடுவோம்பீக. நாலு நாளா அதத்தான் சொன்னீக. ஒரு எழுத்த மாத்துவீக, இங்கிலீசுல போடுவீக, விடவே மாட்டீக.” அவர் குரலில் கோபமோ அழுகையோ இல்லை. பாடம் ஒப்பிக்கிற குரல்தான். “இப்ப மட்டும் வேற மாதிரிப் போடலையே.”

எனக்கு உடனே ஒரு பதில் வர வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருப்பவன் என்றுதான் கல்லூரியில் எனக்குப் பெயர். டவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம், சார்ஜ் இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். “அக்கா, அது வேற யாராச்சும்...” என்று வந்தது. அத்தோடு நின்றுவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாத வாக்கியம் அது. வரவில்லை என்றவன் வேறு யாராவது என்று சொல்லக் கூடாது.

அவர் தன் போனை முந்தானையிலிருந்து எடுத்தார். கண்ணாடி கீறிய பழைய போன். பாண்டீஸ்வரன் முதல் சம்பளத்தில் வாங்கி ஊருக்கு வந்த யாரோ ஒருவரிடம் கொடுத்துவிட்டது. தூணுக்குப் பக்கத்தில், சிக்னல் வரும் இடம் பார்த்து நகர்ந்து நின்றுகொண்டார். அந்த இடம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. மைக்கை அழுத்தினார். டொய்ங் என்று சத்தம் வந்தது. நான் கையை நீட்டினேன். பிடுங்கவா, தோளைத் தொடவா என்று எனக்குத் தெரியவில்லை. நீட்டிய கை பாதியில் நின்றது.

உதடு அசைந்தது. எனக்கே கேட்கவில்லை. போனுக்கு எப்படிக் கேட்கும்?

‘சரியாகக் கேட்கவில்லை. மீண்டும் முயலவும்’ என்றது போன். பெண் குரல். படித்த குரல்.

அவர் மறுபடி அழுத்தினார். இந்த முறை காற்றாக வந்தது பெயர். முதல் எழுத்து இருந்தது, கடைசி எழுத்து இல்லை.

‘சரியாகக் கேட்கவில்லை. மீண்டும் முயலவும்.’

“அக்கா, வேணாம்க்கா. நான் சொல்றேன். உக்காருங்க, நான் சொல்றேன்.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே பாதி தெரிந்துபோயிருந்தது. மீதிப் பாதியை என் வாயிலிருந்து வாங்கிக்கொள்ள அவருக்கு இஷ்டமில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். போனை வாயருகே கொண்டுபோகாமல், எதிரே நிற்கும் ஆளிடம் பேசுவதுபோல முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி மருமகளாக வந்த நாளிலிருந்து ஒரு தடவையும் அவர் வாயில் வராத பெயரை, சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாக, உரக்கச் சொன்னார்.

“செம்மலை!”

தூண்களில் மோதி வீடு முழுவதும் போய் வந்தது அது. வளவில் பேச்சு நின்றது. பொன்னுத்தாயி அக்கா, “யாருடி அது?” என்று கேட்டது கூரை ஓடு வரை எட்டியது. போன் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. டவர் ஒரு கோடுதான் இருந்தது. வட்டம் நின்றது. மறுபடி சுற்றியது.

“இந்தா வந்துட்டேன்!”

முகப்பிலிருந்து கிளம்பிய குரல் வளவின் வலப்பக்கம் போனது. அங்கே யாரும் இல்லை என்று பார்த்து இடப்பக்கம் வந்தது. சாவிக்கொத்தின் சத்தம் நெருங்கி, விலகி, மறுபடி நெருங்கியது. ரேணுகா அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் இரண்டு பேருக்கும் நடுவில் எங்காவது நிற்க முடியுமா என்று பார்த்தேன். அந்த வீட்டில் அவ்வளவு இடம் இருந்தும் எனக்கு நிற்க ஓர் இடம் தெரியவில்லை.

செம்மலை இரண்டாம் கட்டு வாசலில் வந்து நின்றார். விழா மேசைக்கு எடுத்துப்போகச் சொன்ன பொரி மூட்டை தோளில் இருந்தது. மூச்சு வாங்க, என்னையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இங்குட்டுத்தானா? யாரு என்னையக் கூப்புட்டது?”

மூட்டையின் ஓட்டை அவருக்குப் பின்பக்கம் இருந்தது. முகப்பிலிருந்து வளவைச் சுற்றி இந்த வாசல் வரை, அவர் நடந்து வந்த வழியெல்லாம் பொரி வெள்ளையாக இறைந்து கிடந்தது.